பெரியகுளத்துக்கு வந்த கால்

1997-ல் கமல்ஹாசன் ஆரம்பித்து நின்றுபோன 'மருதநாயகம்' படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மருதநாயகம்தான் கான் சாகிபு என்ற முகம்மது யூசுப் கான். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குடா என்று சிரிக்காமல் படியுங்கள். நம்ம பக்கத்துக்கும் இதில் சம்பந்தம் இருக்கு.

ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்தவர். ராஜ வம்சம், கோட்டை, கொத்தளம் எதுவும் கிடையாது. புதுச்சேரிக்குப் போய் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தார். இஸ்லாத்தைத் தழுவினார். பிறகு ஆங்கிலேயக் கம்பெனியில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தார். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அந்தப் படையைத் தூங்கவிடாமல் அடித்தவர் இவரே.

1759-ல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இவர் கைக்கு வந்தன. 1761-ல் பூலித்தேவனை வீழ்த்தினார். இதை மறைத்துவிட்டு இவரை வெறும் விடுதலை வீரராக எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. கம்பெனிக்காக நம்ம பாளையக்காரர்களை அடக்கினவரும் இவர்தானே!

நவாப் முகம்மது அலிக்கு அடங்கித்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் முறுக்கிக்கொண்டார். 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. ஆனால் புதுச்சேரி 1761 ஜனவரியிலேயே ஆங்கிலேயரிடம் விழுந்தாச்சு. 1763 பிப்ரவரியில் பாரிசில் சமாதானமும் ஆயாச்சு. துணைக்கு நின்றது மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரனும் கொஞ்சம் ஐரோப்பியச் சிப்பாய்களும்தான். ஸ்காட்லாந்துப் பிரபு டக்ளஸ் பிரான்சுக்காகப் போராடி 1424-ல் வெர்னேய் களத்தில் செத்தார். அவருக்காவது பிரான்ஸ் ஒரு டியூக் பட்டம் கொடுத்திருந்தது. இவருக்கு வெறும் கொடி!

அந்த வருஷ முற்றுகை மழையோடு கலைந்தது. 1764-ல் மேஜர் கேம்பல் வந்தார். கோட்டை மேல் ஏறிப் பார்த்தும் முடியவில்லை. பிறகு வழிகளை அடைத்தார்கள், உள்ளே பட்டினி. கடைசியில் மார்ஷானும் திவான் சீனிவாச ராவும் சேர்ந்து, அக்டோபர் 13-ம் தேதி தங்கள் தலைவரையே பிடித்துக் கட்டினார்கள். தொழுகை நேரத்தில் என்பார்கள். இரண்டே நாளில், 15-ம் தேதி, தூக்கு.

செத்த பிறகும் பயம் போகவில்லை போல. உடலை வெட்டி, தலையைத் திருச்சிக்கும் கைகளைப் பாளையங்கோட்டைக்கும் அனுப்பினார்கள் என்று சொல்கிறார்கள். முண்டம் மதுரைக்குப் பக்கத்துச் சம்மட்டிபுரத்தில் அடங்கியது. அங்கே இன்றும் தர்கா இருக்கிறது. கால்களில் ஒன்று வந்து சேர்ந்த இடம் நம்ம பெரியகுளம்.