முதல் நிமிடத்தின் காவலர்

குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என வினவுவது உலக வழக்கம். அக்குழந்தை செவ்வையாக மூச்சு விடுகிறதா, அதன் இதயம் நன்கு துடிக்கிறதா என்பவற்றை எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே முறையில் கணக்கிடும் வழக்கமோ ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்தான் தோன்றியது. அம்முறையை உலகிற்கு அளித்தவர் மருத்துவர் வர்ஜீனியா அப்கார்.

இவர் 1909ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்திலுள்ள வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய தமையன்மார் இருவருள் ஒருவர் இளமையிலேயே காசநோயால் இறந்தார். மற்றவர் தீராப் பிணியால் வருந்தினார். நோயின் துயரை வீட்டிலேயே கண்டு வளர்ந்த வர்ஜீனியா, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1933இல் பட்டம் பெற்றார்.

அறுவை மருத்துவராக விளங்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். அக்காலத்தில் பெண்கள் அத்துறையில் நிலைபெறுவது அரிதாக இருந்தது. ஆதலின், மூத்த மருத்துவர் ஒருவர் அவரை மயக்க மருந்தியல் துறைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தினார். விரும்பியது கிட்டவில்லையே என அவர் சோர்ந்துவிடவில்லை. கிடைத்த துறையில் அரும்பாடுபட்டு உழைத்து, 1949இல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

மகப்பேற்று அறையில் பணியாற்றியபோது அவர் ஓர் உண்மையைக் கண்டார். அனைவருடைய கவனமும் தாயின்மீதே இருந்தது. நீலம் பாரித்தும் துவண்டும் பிறந்த குழந்தைகள் பிழைக்கமாட்டா எனக் கருதப்பட்டன. உடனே மூச்சுக்கு உதவியிருந்தால் அவற்றுள் பல பிழைத்திருக்கும்.

ஒருநாள் காலையுணவு வேளையில், பிறந்த குழந்தையின் நிலையை எவ்வாறு அறிவது என மாணவர் ஒருவர் அவரை வினவினார் என்பர். அப்கார் அருகிலிருந்த தாளை எடுத்து ஐந்து குறிகளை எழுதினார். அவை இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டலுக்கு எழும் மறுவினை, உடலின் நிறம் என்பன. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் வகுத்தார்; மொத்தம் 10. குழந்தை பிறந்த முதல் நிமிடத்தில் இதனைக் கணக்கிட வேண்டும். பின்னாளில் ஐந்தாம் நிமிடத்திலும் கணக்கிடும் வழக்கம் ஏற்பட்டது. 7 முதல் 10 வரை பெறும் குழந்தை பொதுவாக நலமாக உள்ளது. 3 அல்லது அதற்கும் குறைவாகப் பெறும் குழந்தைக்கு உடனடி உதவி தேவை. 1953இல் இம்முறை மருத்துவ ஆய்விதழில் வெளியாயிற்று. இது குழந்தையின் அறிவையோ எதிர்காலத்தையோ அளக்கும் தேர்வு அன்று. உதவியை விரைந்து வரவழைக்கும் அழைப்பு மணியே ஆகும்.

பிறந்த குழந்தைகளை நுணுகி நோக்கிய அப்காரின் உள்ளம் பிறவிக் குறைபாடுகளின்பால் சென்றது. தம் ஐம்பதாம் வயதில் மீண்டும் மாணவியாகிப் பொதுநலவியல் பயின்றார். 1959 முதல், பிறவிக் குறைபாடுகளைத் தடுக்க முனைந்த ஓர் அறநிறுவனத்தில் பணியாற்றினார். அவை தாயின் குற்றமும் அல்ல, மறைக்க வேண்டிய இழிவும் அல்ல. ஆராய்ந்து தடுக்கவும் ஆற்றவும் வேண்டியவை என ஊர்தோறும் எடுத்துரைத்தார். கருவுற்ற தாயை ரூபெல்லா தாக்கினால், பிறக்கும் குழந்தையின் கண்ணும் செவியும் இதயமும் பழுதுறலாம். ஆதலின் அதற்கான தடுப்பூசியை அவர் வலியுறுத்தினார். இந்தியாவில் 2017இல் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் இட்டுக்கொண்ட ஊசியும் இத்தகையதே.

அப்கார் 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார். கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் பிறக்கும் குழந்தைக்கும், தஞ்சாவூரில் பிறக்கும் குழந்தைக்கும், நியூயார்க்கில் பிறக்கும் குழந்தைக்கும் தாலாட்டும் மொழி வேறு. முதல் நிமிடத்தில் மருத்துவர் நோக்கும் ஐந்து குறிகள் மட்டும் ஒன்றே.

பயிற்சி

1. அப்கார் வகுத்த ஐந்து குறிகள் யாவை?
2. அப்கார் மதிப்பெண்ணுக்கும் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. விரும்பிய துறை கிட்டாதபோது அப்கார் நடந்துகொண்ட முறையிலிருந்து நீவிர் அறிவது என்ன? ஐந்து வரிகளில் எழுதுக.