நோபல் பட்டியலில் இல்லாத பெயர்: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் சுந்தரபாண்டியபுரத்துக்கும் கூட்டம் வந்துவிடும். சூரியகாந்தித் தோட்டம், பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை, நாலு செல்ஃபி, கிளம்பியாச்சு. அதே மலையை இடதுபக்கம் பார்த்தபடி தென்காசியிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் கடையநல்லூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். அதையும் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது வத்திராயிருப்பு. ராமன் விளைவு ஆய்வில் சி.வி.ராமனுடன் கைகோத்து வேலை பார்த்த இயற்பியலாளர் பிறந்த ஊர் இதுதான்.

மதிய உணவு இடைவேளை வகுப்பு

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் அங்கேயே வேதியியல் செய்முறைப் பயிற்றுநர் வேலை கிடைத்தது.

அங்கே அவர் மதிய உணவு நேரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். இயற்பியல், கணிதம், வேதியியல் என எதைப் பற்றியும் கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. ஆனாலும் மற்ற கல்லூரி மாணவர்கள்கூட தேடி வந்தார்கள். கேள்வியிலிருந்துதான் இயற்பியல் தொடங்குகிறது என்பதை அந்த வகுப்பு காட்டியது.

கொல்கத்தாவில் என்ன நடந்தது?

1920-ல் ராமனிடம் ஆராய்ச்சி செய்ய கிருஷ்ணன் கொல்கத்தா போனார். ஒளி ஒரு திரவத்துக்குள் போகும்போது எப்படிச் சிதறுகிறது என்பதுதான் ராமன் குழுவின் கேள்வி.

1928 பிப்ரவரியில் நடந்த சோதனையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சூரிய ஒளியை லென்ஸ் வழியாகக் குவித்து, நீல-ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். வெளியே சிதறி வரும் ஒளியைப் பார்க்க இன்னொரு வடிகட்டி. இது நீல-ஊதாவைத் தடுத்துவிடும். ஒளி நிறம் மாறவில்லை என்றால் கண்ணுக்கு எதுவுமே தெரியக்கூடாது, இல்லையா? ஆனால் மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது!

அதாவது, சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு, ஏறக்குறைய கோடியில் ஒன்று, மூலக்கூறுகளோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வருகிறது. சுமார் 60 திரவங்களில் இதைச் சோதித்தார்கள். இருட்டறையில் உட்கார்ந்து, வெறும் கண்ணால் இதைப் பார்த்துப் பதிவு செய்ததில் கிருஷ்ணனின் உழைப்பு பெரிது. 1928 மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் வெளியான கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: ராமன், கிருஷ்ணன்.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

அப்போ, கிருஷ்ணன் ஏமாற்றப்பட்டாரா?

இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒளிச்சிதறல் ஆய்வை 1921-லிருந்தே வழிநடத்தியவர் ராமன். எதைத் தேட வேண்டும் என்று தீர்மானித்தவரும் அவரே. அதேசமயம், கிருஷ்ணனின் கையும் கண்ணும் இல்லாமல் அந்த பிப்ரவரியைச் சொல்லவே முடியாது. ரெண்டுமே உண்மைதான்.

கிருஷ்ணன் இதிலேயே தேங்கி நிற்கவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய் முற்றிலும் வேறு துறையைக் கையில் எடுத்தார். சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டி, காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். படிகம் திரும்பும். அந்த முறுக்கத்தை அளந்தால் உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணிக்கலாம். எளிய கருவிதான், ஆனால் துல்லியம் அபாரம். படிகவியலில் புகழ்பெற்ற பிரிட்டன் விஞ்ஞானி கேத்லீன் லான்ஸ்டேல் இதே துறையில் அவரோடு சேர்ந்து 1936-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி கிருஷ்ணனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நோபல் இல்லாமலேயே, சொந்த வேலையால் வந்த அங்கீகாரம் இது.

உங்க ஃபோனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரை, 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக நியமித்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கு அப்படி ஓர் ஆய்வகம் எதற்கு? ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு விநாடி என்றால் எவ்வளவு என்று நாடு முழுக்க ஒரே அளவு இருந்தால்தான் தொழிற்சாலையும் ஓடும், சந்தையும் ஓடும்.

இன்றைக்கும் இந்தியாவின் எடைக்கும் நீளத்துக்கும் மூல அளவுகோல் அந்த ஆய்வகம்தான். இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களை வைத்துப் பராமரிப்பதும் அங்கேதான். தேர்தலில் விரலில் வைக்கும் அழியாத மை அங்கே உருவானது. 1962 பொதுத்தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வந்தபோது கிருஷ்ணன் உயிரோடு இல்லை. 1961 ஜூனில், 62 வயதில் காலமானார்.

நிர்வாகப் பொறுப்புக்கு வந்த பிறகும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுவது பற்றி டெல்லியில் தொடர்ந்து ஆய்வு செய்தார். 1954-ல் பத்மபூஷண் பெற்றார். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதை 1958-ல் முதன்முதலாகப் பெற்றவரும் இவரே.

இன்றைக்கு ஏன் தெரிஞ்சுக்கணும்?

மாத்திரையில் இருப்பது சரியான மருந்தா, வைரம் அசலா போலியா என்பதை உடைக்காமலேயே கண்டுபிடிக்கும் கருவிகள் ராமன் விளைவில்தான் இயங்குகின்றன. அந்த விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28-ஐ ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் அன்று ராமன் படத்துக்கு மாலை விழும். பக்கத்தில் வத்திராயிருப்புக்காரரின் படத்தையும் வைக்க, ஒரு ஆணியும் ஒரு ஆசிரியரும் போதும்.