தூரிகை ஏந்திய தாவர இயலார் மா. கிருஷ்ணன்

மழை நன்றாகப் பெய்து நம் சூலக்கரைப் பக்கத்துக் கண்மாய்கள் நிறைந்துவிட்டால், எங்கிருந்தோ நாரைகளும் நீர்க்காகங்களும் வந்திறங்குவதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்திருக்கிறோம். பெயர் கேட்டால்தான் விழிப்போம். நமக்கு எல்லாமே கொக்குதான்! இப்பறவைகளை வாழ்நாளெல்லாம் உற்றுநோக்கி, எழுதியும் வரைந்தும் வைத்த தமிழர் ஒருவரைப் பற்றி இங்கே காண்போம்.

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களில் இவரே கடைக்குட்டி. உப்பு இலாகா உத்தியோகத்தை முன்கூட்டியே துறந்து எழுத்தில் இறங்கியவர் மாதவையா. 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசிய அன்றே, அவ்விடத்திலேயே காலமானார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. குடும்பம் வாழ்ந்த மயிலாப்பூரில் அந்நாளில் புதர்க்காடுகள் இருந்தன; நரிகளும் திரிந்தன என்றால் இன்று யார் நம்புவார்கள்? சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை வளர்த்தான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவர இயல் கற்பித்தவர் பேராசிரியர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைச் செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். ஆசிரியரோடு மாணவரும் மலையேறினார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவரான ஆசிரியரின் மனைவி, அவருக்கு நீர்வண்ண ஓவியம் பயிற்றுவித்தார். விஞ்ஞானமும் ஓவியமும் ஒரே வீட்டில் கிடைத்தன! செடியை வரைகிறவர் இலை எந்தக் கணுவில் எப்படி முளைக்கிறது என்று பாராமல் வரைய முடியாது. அந்தக் கண்ணே பின்னாளில் பறவைகளின் பக்கம் திரும்பியது.

ஆனால் தேர்வுகளில் அவர் முதல்வரிசை மாணவர் அல்லர். (பெற்றோர் இதைச் சற்று கவனிக்க வேண்டுகிறோம்.) எம்.ஏ. பட்டமும் 1936இல் சட்டப் பட்டமும் பெற்றும் நல்ல வேலை அமையவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் கேலிச்சித்திரமும் அனுப்பிக் காலம் தள்ளினார். 1942இல் பெல்லாரி அருகே சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலர் என்று பல பதவிகள். ஓய்வு நேரத்தில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், குன்றுகளில் அலைந்தார். 1949இல் சமஸ்தானம் இந்திய நாட்டுடன் இணைந்தது. குடும்பஸ்தராகச் சென்னை திரும்பிய அவர், அதன்பின் மாதச் சம்பளத்துக்கு எங்கும் சேரவில்லை. தந்தை சென்ற வழி!

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயற்கைக் கட்டுரை எழுதத் தொடங்கினார். கட்டுரைகளுக்குக் கோட்டோவியங்களைத் தாமே வரைந்தார். அமெரிக்காவில் 1934 முதல் காட்டு வாத்துகளின் படம் பொறித்த தனி வில்லைகளை விற்று, அப்பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிக் காக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. கிருஷ்ணனின் சித்திரங்கள் நாளிதழின் மூலையில் வந்து, படிப்பவர் மனத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

வேடந்தாங்கலின் நீர்ப்பறவைகளைப் பற்றி அவர் விரும்பி எழுதினார். அந்த ஏரியின் கதையே தனி. பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியரிடம் தடையாணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அக்குடியானவர்கள் அறிந்திருந்தனர். பட்டாசுச் சீமையில் வாழும் நாம் இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும்: சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

காட்டுயானைகளைக் கருப்பு வெள்ளையில் படம்பிடிக்க, பல பாகங்களைச் சேர்த்துத் தம் காமிராவைத் தாமே உருவாக்கினார். அயல்நாட்டு மரங்களை நட்டுவிட்டுக் காடு வளர்த்தோம் என்று மார்தட்டுவதைக் கடுமையாகக் கண்டித்தார். அது பலருக்குப் பிடிக்கவில்லை; அவரும் மாற்றிக்கொள்ளவில்லை. பத்மஸ்ரீ விருதும் வந்தது.

46 ஆண்டுகள் அந்தப் பகுதி தொடர்ந்து வெளிவந்தது. கடைசிக் கட்டுரை அச்சான 1996 பிப்ரவரி 18 அன்றே அவர் கண்மூடினார். தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூல் வந்திருக்கிறது. மாணவியர் அதிலிருந்து தொடங்கலாம்.