பார்க்காத நகரங்களின் எழுத்தைப் படித்தவர்

திருப்பூரிலிருந்து நொய்யலின் போக்கிலேயே கிழக்கே சென்றால், சென்னிமலைக்கு அருகே ஆற்றின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இங்கே விலையுயர்ந்த கற்களால் ஆன மணிகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. அவற்றோடு தமிழ் பிராமி எழுத்துகள் கீறப்பட்ட பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. அந்த ஓடுகளில் உள்ளவற்றில் பல, ஆட்பெயர்கள். பானைக்கு உரியவர் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அதைப் படிக்கிறோம்.

பின்னலாடை நகரத்தில் வாழும் எனக்கு அந்த ஓடுகள் ஒவ்வொரு முறையும் ஒன்றை நினைவூட்டும். எங்கள் ஊரிலிருந்து கப்பலேறும் ஒவ்வொரு பனியனிலும் ஒரு துணிப்பட்டை தைக்கப்பட்டிருக்கும். அதில் அளவு இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், விற்பவரின் பெயர் இருக்கும். தைத்தவரின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் எழுதப்படுவதும், எழுதப்பட்ட பெயர் மீண்டும் படிக்கப்படுவதும் எளிய செயல்கள் அல்ல. இரண்டாவது செயலுக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை.

அவர் யூரி க்னோரோசோவ். நடு அமெரிக்காவின் தொன்மையான மாயா எழுத்துகளை உலகம் படிப்பதற்கு வழி திறந்த சோவியத் அறிஞர். அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று பருத்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்துக்கு வந்து, இப்பகுதியின் நூற்பாலைகளுக்கு அடித்தளமிட்ட கம்போடியா பருத்தி அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதியும் அந்த இனமே. அதை மனிதர் முதன்முதலில் பயிராக்கியது மெக்சிகோவின் யுகதான் தீபகற்பப் பகுதியில் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அது மாயா மக்களின் மண். இரண்டாவது இழையைப் பின்னர் சொல்கிறேன்.

மாயா மக்கள் கல்லில் எழுதினர், சுவரில் எழுதினர், பானையில் எழுதினர், மரப்பட்டைத் தாளை மடித்து நூல்களும் செய்தனர். 1562இல் யுகதானின் மானி என்ற ஊரில், தியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் அந்த நூல்களைப் பேயின் வேலை எனக் கருதித் தீயிலிட்டார். ஆனால் அதே லாந்தா, சில ஆண்டுகள் கழித்து அம்மக்களைப் பற்றி எழுதிய நூலில், ஸ்பானிய எழுத்துகளுக்கு இணையான மாயா எழுத்துகள் என்று ஒரு பட்டியலையும் வரைந்து வைத்தார். எரித்த கையே திறவுகோலையும் விட்டுச் சென்றது. அந்தத் திறவுகோல் எந்தப் பூட்டிலும் பொருந்தவில்லை என்பதால், அறிஞர்கள் அதைப் பிழையென்று ஒதுக்கிவிட்டனர்.

க்னோரோசோவ் 1922இல் உக்ரைனின் கார்கிவ் நகரை அடுத்த ஊரில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். எரிந்துகொண்டிருந்த பெர்லின் நூலகத்திலிருந்து மாயா நூல்களின் பதிப்பை அவர் காப்பாற்றி எடுத்துவந்தார் என்றொரு கதை உலகெங்கும் பரவியது. பிற்காலத்தில் அவரே அதை மறுத்தார். தமக்குப் பெருமை சேர்க்கும் பொய்யையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அக்காலத்தில் பால் ஷெல்ஹாஸ் என்ற மூத்த ஜெர்மானிய அறிஞர், மாயா எழுத்து ஒருவேளை தீர்க்க முடியாத புதிராகவே இருக்கலாம் என்று எழுதியிருந்தார். இளம் க்னோரோசோவுக்கு அது ஓர் அறைகூவலாகப் பட்டது. மனித மனம் படைத்ததை மனித மனம் அறிய முடியாமல் போகாது என்பது அவருடைய உறுதி. ஆனால் காலம் அவருக்கு இணக்கமாக இல்லை. போரின்போது ஜெர்மானியர் கைப்பற்றிய பகுதியில் அவருடைய குடும்பம் இருந்தது என்ற காரணம், உயர்கல்விக்கான வழியை அடைத்தது. லெனின்கிராடு நகரின் அருங்காட்சியகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு சிறு அறையில் புத்தகங்களுக்கு நடுவே தங்கி, அவர் புதிரை அவிழ்க்கத் தொடங்கினார்.

அவர் முதலில் செய்தது எண்ணியது. மாயா எழுத்தில் நூற்றுக்கணக்கான குறிகள் இருக்கின்றன. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்றால் முப்பது, நாற்பது போதும். ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்றால் பல்லாயிரம் வேண்டும். ஆகவே, இது சொற்குறிகளும் அசைக்குறிகளும் கலந்த எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

அசைக்குறி என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் உயிர்மெய் போன்றது அது. லாந்தா ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, எதிரே இருந்த மாயா அறிஞர் தம் காதில் விழுந்த அசைக்குரிய குறியை வரைந்திருக்கிறார். கேட்டவர் மெய்யெழுத்தைக் கேட்டார்; சொன்னவர் உயிர்மெய்யைக் கொடுத்தார். பிழை பட்டியலில் இல்லை, அதைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது.

அவர் தம் கருத்தைச் சோதித்த முறை அழகானது. எஞ்சியிருந்த மாயா நூல்களில் வான்கோழியின் படத்துக்கு மேலே இரண்டு குறிகள் இருந்தன. முதல் குறி லாந்தாவின் பட்டியலில் உள்ள கு. யுகதான் மாயா மொழியில் வான்கோழிக்குக் குட்ஸ் என்று பெயர். அப்படியானால் இரண்டாவது குறி ட்ஸு ஆக வேண்டும். நாயின் படத்துக்கு மேலே அதே ட்ஸுவும், அதைத் தொடர்ந்து லு என்ற குறியும் இருந்தன. பழைய மாயா அகராதியைப் புரட்டினால், நாய்க்கு ட்ஸுல் என்ற சொல் இருந்தது. நம் குற்றியலுகரம் தன் மாத்திரையில் குறுகுகிறது; மாயா எழுத்தில் இறுதி உயிர் எழுதப்பட்டும் ஒலிக்காமலே போகிறது. இப்படி ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குச் சாட்சி சொல்ல, மௌனமாக இருந்த எழுத்து பேசத் தொடங்கியது.

1952இல் அவருடைய கட்டுரை வெளியானது. 1955இல் தொடக்கநிலை ஆய்வுப் பட்டத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டுக்கு நேரடியாக முனைவர் பட்டமே வழங்கப்பட்டது. மேற்கில் நிலைமை வேறு. அத்துறையில் அப்போது பெரும் செல்வாக்குடன் இருந்தவர் பிரிட்டிஷ் அறிஞர் எரிக் தாம்சன். மாயா குறிகள் காலக்கணிதமும் வழிபாடும் சார்ந்த கருத்துக் குறிகளே தவிர, பேச்சொலியைப் பதிவு செய்பவை அல்ல என்பது அவருடைய நிலை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் இதழொன்றில் வந்த கட்டுரையை அரசியல் பரப்புரை என்று தள்ளிவிடுவதும் எளிதாக இருந்தது. தாம்சனின் உழைப்பையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவர் தொகுத்த குறிப்பட்டியலைப் பிற்கால ஆய்வாளர்கள் அனைவரும் பயன்படுத்தினர். ஆனால் அவருடைய மறுப்பு, கால் நூற்றாண்டு காலம் இளையவர்களின் வாயை அடைத்தது.

இதனிடையே, ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த தாத்தியானா புரோஸ்கூரியாகோவ், கற்களில் உள்ள தேதிகள் அரசர்களின் பிறப்பையும் முடிசூட்டலையும் குறிப்பவை என்று 1960இல் நிறுவினார். அது வரலாறு என்று அவர் காட்டினார். அது மொழி என்று க்னோரோசோவ் காட்டியிருந்தார். 1975இல் தாம்சன் மறைந்த பின் இரண்டு ஓடைகளும் ஒன்றாயின. க்னோரோசோவ் படித்த சொற்களில் சில பிழையென்று பின்னர் தெரிந்தன. ஆனால் அவருடைய முறை நிலைத்தது. அந்த வழியில் சென்றவர்கள் அரசர்களின் பெயர்களைப் படித்தனர். வண்ணப் பானைகளின் விளிம்பில் அவற்றின் உடைமையாளர் பெயரைப் படித்தனர். சிலவற்றில் அவற்றைத் தீட்டிய கலைஞரின் பெயரையும் படித்தனர். கொடுமணலின் ஓடுகளைக் கண்ட எனக்கு இந்தச் செய்தி தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

இத்தனையும் செய்தவர், மாயா நகரம் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. அயல்நாட்டுப் பயணம் அவருக்குப் பல பத்தாண்டுகள் வாய்க்கவில்லை. 1990இல், அறுபத்தேழாம் அகவையைக் கடந்த பிறகே, குவாத்தமாலா அரசின் அழைப்பில் சென்று திக்கால் நகரின் கோபுரங்களை நேரில் பார்த்தார். 1994இல் மெக்சிகோ அவருக்குத் தன் உயரிய விருதான அஸ்தெக் கழுகு விருதை வழங்கியது. 1999 மார்ச் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் காலமானார். மார்போடு தம் வளர்ப்புப் பூனையை அணைத்தபடி, கடுமையான பார்வையுடன் அவர் நிற்கும் புகைப்படம் மட்டும் இன்று உலகெங்கும் வலம் வருகிறது.

இரண்டாவது இழைக்கு வருகிறேன். 1960களின் நடுவில் க்னோரோசோவ் தலைமையிலான சோவியத் குழு, சிந்துவெளி எழுத்துகளைக் கணினியின் துணையோடு ஆராய்ந்தது. எந்தக் குறி எந்த இடத்தில் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டனர். சொல்லின் இறுதியில் ஒட்டுகள் சேரும் அமைப்பையும், அடைமொழி பெயருக்கு முன்னால் வரும் ஒழுங்கையும் கண்டு, அம்மொழி திராவிட மொழிகளின் அமைப்புக்கு நெருக்கமானது என்று முடிவு கண்டனர். நாம் பெருமையோடு நினைவுகூரும் திராவிடக் கருதுகோளுக்கு வலுவூட்டியவர்களில் இவரும் ஒருவர்.

ஆயினும், மாயா எழுத்தைத் திறந்த அதே மனிதரால் சிந்துவெளி எழுத்தைத் திறக்க முடியவில்லை. அவருடைய குழு முன்வைத்த வாசிப்புகள் பொதுவாக ஏற்கப்படவில்லை. காரணம் வெளிப்படை. மாயா எழுத்துக்கு நீண்ட வாசகங்கள் இருந்தன. லாந்தாவின் பட்டியல் இருந்தது. அம்மொழிகளை இன்றும் பேசும் பல லட்சம் மக்கள் இருந்தனர். சிந்துவெளி முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. இருமொழி வாசகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நாய்க்கு வான்கோழி சாட்சி சொன்னதுபோல் அங்கே சாட்சி சொல்ல எதுவும் இல்லை.

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பு அது. ஆனால் அதன்பின் ஏதேனும் ஒரு முத்திரையில் தமிழ்ச் சொல்லைப் படித்துவிட்டதாக வரும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த லெனின்கிராடு அறை நினைவுக்கு வருகிறது. ஒரு சொல்லைப் படித்துவிட்டேன் என்று அவர் நின்றுவிடவில்லை. அந்தச் சொல் அடுத்த சொல்லையும் திறக்கிறதா என்று பார்த்தார். முடியாது என்ற பேரறிஞரின் சொல்லுக்கு அவர் அஞ்சவில்லை. முடிந்துவிட்டது என்று தம் மனமே சொன்னபோதும் சோதிக்காமல் ஏற்கவில்லை. நம் தொன்மையின் மீது நமக்குள்ள பற்றுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

குவாத்தமாலாவிலும் யுகதானிலும் மாயா இளைஞர்கள் சிலர் இன்று தம் முன்னோரின் எழுத்தை மீண்டும் கற்று, அதில் தம் பெயரை எழுதுகிறார்கள். எரிக்கப்பட்ட ஒன்று அவர்கள் கைக்குத் திரும்பியிருக்கிறது. கொடுமணலின் ஓட்டில் பெயர் கீறியவருக்கும் அந்த நற்பேறு வாய்த்தது. தைத்தவரின் பெயரில்லாமல் கப்பலேறும் எங்கள் ஊர்ப் பனியனைப் பற்றி நாளைய ஆய்வாளர் என்ன படிப்பார் என்பதுதான் எனக்குள்ள கவலை.