பூமரம் நட்ட கிரும்பிகல்

நம் சுவர் இதழில் தலைவர்கள், விஞ்ஞானிகள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு தோட்டக்காரரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல். 1865-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் லோமன் என்ற ஊரில் பிறந்தார். தோட்டக்கலை படித்தார். லண்டனில் ஹைடு பூங்காவிலும் கியூ தாவரவியல் தோட்டத்திலும் வேலை பார்த்தார். 1893-ல் பரோடா மகாராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து இந்தியா வந்தார். 1908-ல் மைசூர் அரசு அவரைப் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. (லால்பாக்கைத் தொடங்கினவர் ஹைதர் அலி. நம்ம வரலாற்றுப் பாடத்தில் வருவாரே, அவரேதான்!) மைசூர் பக்கத்தில் இருக்கிற பிருந்தாவன் தோட்டத்தை அமைத்ததிலும் கிரும்பிகலுக்குப் பங்கு உண்டு.

அவருடைய யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லா மரமும் ஒரே மாதத்தில் பூத்துக் கொட்டிவிட்டால் மீதி மாதமெல்லாம் தெரு வெறிச்சென்று கிடக்கும். அதனால் எந்த மரம் எப்போது பூக்கும் என்று கணக்குப் பார்த்து மரம் வைக்கச் செய்தார். ஜக்கரண்டா ஊதாவாகப் பூத்து முடியும்போது, மயில்கொன்றை சிவப்பாக ஆரம்பிக்கும். இப்படி ஒன்று மாற்றி ஒன்று பூக்கும். ஜக்கரண்டா தென் அமெரிக்க மரம். மே மாதம் பூக்கிற மயில்கொன்றை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. நம்ம ஊரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்க, அந்தத் தெருப் பூக்களைச் சொல்வாங்க.

1932-ல் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப்போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதற்காக அவரை எதிரி நாட்டு ஆள் என்று பிடித்துக் காவலில் வைத்தார்கள். அவர் பூமரம் வைத்ததைத் தவிர என்ன தப்பு செய்தார்? இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகும் அவர் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1956-ல் பெங்களூரிலேயே இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். லால்பாக் பக்கத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது.

இதை நான் சும்மா எழுதவில்லை. காலை வழிபாட்டில் வெயில் தாங்காமல் சின்னப் பிள்ளைகள் மயங்கி விழுவதை எல்லாரும் பார்க்கிறோம். வருஷா வருஷம் கன்று நடுகிறோம். கோடை லீவில் தண்ணி ஊற்ற ஆளில்லாமல் காய்ந்துவிடுகிறது. அவர் மாதிரி நாமும் கணக்குப் போட்டு நடலாம். சித்திரை, வைகாசிக்குச் சரக்கொன்றை. மழைக்காலம் முடியும்போது ஊதா மந்தாரை. அநேகமாக வருஷம் முழுக்கப் பூக்கப் பூவரசு. வேலியோரம் செம்பருத்தி. மயில்கொன்றை அழகுதான், ஆனால் காற்றில் கிளை முறியும், வேரும் மேலாகவே ஓடும். அதை வகுப்பறைப் பக்கம் வைக்கக் கூடாது. அரளியும் வேண்டாம். அதன் இலை, பூ, காய் எல்லாமே விஷம்.

வகுப்புக்கு ஒரு மரம் என்று எடுத்துக்கொள்வோம். லீவில் யார் யார் எந்த நாள் தண்ணி ஊற்றணும் என்று இப்பவே பெயர் எழுதி வைப்போம். ஒன்பதாம் வகுப்பு சார்பாக முதல் பெயர் என்னுடையது. நம்ம மரம் நன்றாகப் பூக்கும்போது நாங்கள் பத்தாவது முடித்துப் போயிருப்போம். பரவாயில்லை, அதன் நிழலில் அப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள்.