பைண்டிங் கடைப் பையன்

விஞ்ஞானம் என்றதும் நம்மில் பலருக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடமும், விலையுயர்ந்த கருவிகளும், பக்கம் பக்கமான கணிதமுமே நினைவுக்கு வருகின்றன. பௌதிகத்தில் முதுநிலைப் பட்டத்திற்குப் படிக்கும் எனக்கும் பல நாட்களில் அப்படித்தான் தோன்றுகிறது. அப்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் மனிதர் ஒருவர் உண்டு. பள்ளியில் எழுதப் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் மட்டுமே கற்றவர். ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு செய்தவர். அவர்தாம் மைக்கேல் பாரடே. அவருடைய கதையை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனை ஒட்டிய நியூவிங்டனில் அவர் பிறந்தார். தந்தை கொல்லுவேலை செய்பவர்; அடிக்கடி நோயில் படுப்பவர். பஞ்ச காலத்தில் சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ரொட்டிதான் என்று சொல்வார்கள். பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு அங்கேயே புத்தகம் பைண்டு செய்யும் தொழிலை ஏழாண்டு பழக ஒப்பந்தமாயிற்று.

பைண்டு செய்ய வந்த புத்தகங்களை அவர் தைத்ததோடு நிற்கவில்லை, படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய இரசாயன நூல் ஆகியவை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டன. படித்ததை அப்படியே நம்பாமல், கைக்காசுக்குள் அடங்கிய சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

1812ஆம் ஆண்டு கடைக்கு வரும் வாடிக்கைக்காரர் ஒருவர், புகழ்பெற்ற விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். கேட்டவற்றையெல்லாம் பாரடே படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். பரிந்துரைக்க ஆளில்லாத ஏழைக்குத் தெரிந்த தொழிலே பரிந்துரையாயிற்று! 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம். மாடியில் இரண்டு அறை. எரிக்கக் கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

அவ்வாண்டு இறுதியில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயும் உடன் சென்றார். டேவியின் பணியாள் வர மறுத்துவிட்டதால், அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி இவரை வேலைக்காரனாகவே நடத்தினார். எல்லாவற்றையும் விட்டு ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட இளைஞர் எண்ணியதுண்டு. ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு அந்த மனநிலை புரியாததல்ல. ஆனால் அவர் தங்கினார். 1814இல் பிளாரன்ஸ் நகரில், பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து டேவி ஒரு வைரத்தை எரித்தபோது அருகில் இருந்து உதவினார். எரிந்த வைரம் கரியமில வாயுவாக மாறியது. வைரமும் அடுப்புக்கரியும் அடிப்படையில் ஒரே பொருள் என்பதை அந்தப் பணியாள் தம் கண்ணால் கண்டார்.

1821இல், மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மின்சார மோட்டாருக்கு அதுவே விதை. உடனே, அது வேறொருவர் கருத்து என்ற பழி எழுந்தது. 1824இல் ராயல் சொஸைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது, எதிர்த்தவர் அவரை வளர்த்த டேவியே! ஆயினும் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார். டேவியிடம் தாம் பட்ட நன்றிக்கடனை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமானால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதா? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் அவரைக் குடைந்தது. 1831 ஆகஸ்டு 29ஆம் நாள் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களில் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுற்றில் மின்சாரத்தைச் செலுத்திய கணத்தில் மறு சுற்றோடு இணைத்த முள் துள்ளியது, பிறகு அடங்கிவிட்டது. நிறுத்திய கணத்தில் மீண்டும் துள்ளியது. மின்சாரம் மாறாமல் பாயும்போது ஒன்றும் நிகழவில்லை. மாற்றமே காரணம் என்பதை அவர் கண்டுகொண்டார். அக்டோபரில் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் இழுத்தும் மின்சாரம் பெற்றார். அனல் மின் நிலையமானாலும், அணைக்கட்டு மின் நிலையமானாலும், இன்று சுழலும் இயந்திரத்தின் உள்ளே இருப்பது அந்தத் தத்துவமே.

இத்தனை புகழுக்குப் பிறகும் சிறிய கேள்விகளை அவர் இழிவாக நினைக்கவில்லை. இரண்டு ஈரப் பனிக்கட்டிகள் தொட்டவுடன் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்று 1850இல் ஆராய்ந்தார். ஆவிகள் மேசையை நகர்த்துவதாக லண்டனே நம்பிக் கிடந்த 1853இல், கைக்கும் மேசைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி இளகிய பசையால் ஒட்டினார். முதலில் நகர்வது மனிதர் கையே என்று காட்டினார். 1855இல் தேம்ஸ் நதியில் படகேறி, வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து நீரில் போட்டார். ஓர் அங்குலம் தாழுமுன்பே அவை கண்ணுக்கு மறைந்தன. நதியின் அழுக்கைப் பத்திரிகைக்கு எழுதினார். மூன்றாண்டு கழித்து நாற்றம் பொறுக்காமல்தான் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது.

காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரையும் கோடுகளைக் கொண்டே அவர் சிந்தித்தார். அந்தக் கோடுகளுக்குக் கணித உருவம் கொடுக்க மாக்ஸ்வெல் என்னும் மேதை வர வேண்டியிருந்தது. சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் காலமானார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைதான். அறுபத்தொன்பது வயது; நினைவாற்றல் தளர்ந்துவிட்டது. முன்னே சிறுவர் சிறுமியர். மேசைமேல் மெழுகுவர்த்தி. உருகிய மெழுகு திரியில் எப்படி ஏறுகிறது? சுடரின் நடுவிலிருந்து குழாய் வழியே ஆவியை வெளியே கொண்டுவந்து மறுமுனையில் பற்றவைக்க முடிவதேன்? சுடருக்குமேல் குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் நீர் ஏன் துளிர்க்கிறது? ஒவ்வொன்றையும் செய்து காட்டி, நம் மூச்சும் ஒருவகை எரிதலே என்று முடித்தார். எல்லாம் குழந்தைகளின் தாய்மொழியில், வீட்டில் பேசும் சொற்களில்.

நண்பர்களே, நம் வீடுகளில் விளக்குச் சுடருக்குமேல் தட்டைப் பிடித்துக் கண்மை எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். சுடருக்கு ஒளி தருவது அந்தக் கரித்துகளே என்று பாரடே விளக்கினார். நம்மில் எத்தனை பேரால் இதைத் தங்கைக்கோ பாட்டிக்கோ தமிழில் சொல்ல முடியும்? ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறோம், ஆங்கிலத்திலேயே மறக்கிறோம். நாம் படிக்கும் விஞ்ஞானம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஒரு நாள் மாலை அகல்விளக்கின் முன் வீட்டுக் குழந்தைகளை உட்கார்த்தி வைத்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிப் பாருங்கள். பதில் வராத இடத்தில்தான் நம்முடைய உண்மையான பாடம் தொடங்குகிறது.