மேகம் மறைத்த வெள்ளி

பிரான்சு நாட்டில் 1725ஆம் ஆண்டு பிறந்தவர் கியோம் லெ ஜாந்தி. வானியல் அறிஞரான அவர், பாரிசு அறிவியல் கழகத்தின் உறுப்பினராக விளங்கினார்.

வெள்ளிக்கோள் சில வேளைகளில் சூரியனுக்கும் புவிக்கும் நடுவே நேராக வரும். அப்போது அது சிறு கரும்புள்ளியாகச் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லும். இதனை வெள்ளி இடைநகர்வு என்பர். எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின், அடுத்ததற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். வெவ்வேறு இடங்களிலிருந்து இந்நிகழ்வின் நேரத்தை அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைக் கணக்கிடலாம்.

1761 ஜூன் 6ஆம் நாள் நிகழவிருந்த இடைநகர்வைப் புதுச்சேரியில் காண விரும்பி, லெ ஜாந்தி 1760ஆம் ஆண்டு கப்பலேறினார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் வசமான செய்தி வழியில் கிட்டியது, கப்பல் திரும்பியது. குறித்த நாளில் நடுக்கடலில் வானம் தெளிவாக இருந்தது. ஆயினும், ஆடும் கப்பலில் நின்று துல்லியமாக அளக்க இயலவில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த வாய்ப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கி, தீவுகளை ஆராய்ந்தார். 1768இல், மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கு வந்திருந்த புதுச்சேரியை அடைந்து, இடிந்த கோட்டையின்மீது ஆய்வுக்கூடம் அமைத்தார்.

அங்கே தமிழர்கள் சோழிகளைக் கொண்டு விரைவாகக் கிரகணம் கணிப்பதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தாமும் கற்றார். 1765ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழர் முறையில் கணித்தபோது, 41 விநாடியே குறைவாக வந்தது.

1769 ஜூன் 4ஆம் நாள் விடிந்தது. அதற்கு முந்தைய நாள்களில் தெளிந்திருந்த வானத்தை அன்று மேகம் மூடியது. இடைநகர்வு முடிந்த பின்னரே கதிரவன் வெளிப்பட்டான். லெ ஜாந்தி பல நாள் எழுதவும் மனமின்றி வருந்தினார்.

1771இல் தாயகம் திரும்பினார். அவர் இறந்துவிட்டதாக எண்ணி, உறவினர் அவரது சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்! கழகத்திலும் அவரது இடம் பிறருக்குச் சென்றிருந்தது. பின்னர் அதனை அவர் மீண்டும் பெற்றார்.

தம் பயணத்தை இரு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். தமிழரின் வானியல் கணக்கையும் அதில் விளக்கினார். 1792இல் மறைந்தார். வெள்ளியைத் தேடி வந்த அவருக்கு அது கிட்டவில்லை. தமிழரின் கணிதத் திறனோ அவர் நூலால் ஐரோப்பிய அறிஞர்களை எட்டியது.

சொற்பொருள்
தொலைவு – தூரம்
வசம் – பிடி, கைப்பற்று
தாயகம் – சொந்த நாடு

வினாக்கள்
1. வெள்ளி இடைநகர்வு என்றால் என்ன?
2. 1761இல் லெ ஜாந்தியால் ஏன் அளக்க இயலவில்லை?
3. லெ ஜாந்தியின் பயணம் வீணானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.